முதல் நாவலில் ஆட்களுக்கு உயிர் வருவது எப்படி? மலையகத்தில் எழுத உட்காருபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

என் முதல் நாவலில் 140 பக்கம் எழுதி முடித்திருந்த நேரம். நான்கு அத்தியாயங்களை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அத்தை முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். இஸ்தோப்பில் உட்கார்ந்து, வெற்றிலையை மென்றுகொண்டே கடைசி வரை கேட்டார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி.

"இந்தப் பொம்பள எப்பதான் ரொட்டி சுடுவா?"

நான் முழித்தேன்.

"விடிஞ்சதுல இருந்து அழுவுறா. சாயங்காலமும் அழுவுறா. பெரட்டுக்கு எத்தன மணிக்குப் போறா, அந்தப் புள்ளைக்கு யாரு சோறு கட்டிக் குடுக்குறா, ஒண்ணையும் காணோமே."

அவர் சொன்னது சரி. என் செல்லம்மா ஒரு ஆளே இல்லை. துயரத்துக்குச் சேலை கட்டி நிறுத்தி வைத்திருந்தேன். மலையகத்தில் முதல் நாவல் எழுதும் பலருக்கும் இந்த வழுக்கல் காத்திருக்கிறது. இருநூறு வருஷத்துச் சுமையை ஒரே புத்தகத்தில் இறக்கிவைக்கத் துடிக்கிறோம். அந்தத் துடிப்பில் ஒவ்வொரு ஆளையும் சமூகத்தின் பிரதிநிதி ஆக்கிவிடுகிறோம். பிரதிநிதி மகஜர் கொடுப்பார், கூட்டத்தில் பேசுவார். பக்கத்து வீட்டுக்காரி புதுத் தகரம் போட்டதைப் பார்த்து வயிறெரிய அவருக்கு வராது. வயிறெரியாத ஆளை வாசகர் நம்பமாட்டார்.

செல்லம்மாவை நான் எப்படித் திரும்பவும் உருவாக்கினேன் என்பதைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன். வரிசையை உங்கள் வசதிப்படி மாற்றிக்கொள்ளலாம். முதல் இரண்டு படிகளை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

படி 1: இந்த மாதம் அவளுக்கு என்ன வேண்டும்?

"விடுதலை", "கௌரவம்", "நல்ல வாழ்க்கை" என்று பதில் எழுதினால் கொப்பியை மூடிவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். கையால் தொடக்கூடிய ஒன்று வேண்டும். அதற்கு ஒரு தவணையும் இருக்க வேண்டும்.

என் செல்லம்மாவுக்குக் கோடிக் காம்பரா வேண்டும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நடுக் காம்பராவில் இருப்பவருக்கு இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர். கோடியில் இருப்பவருக்கு ஒரு பக்கம் வெளி. அந்தப் பக்கம் தகரத்தைச் சாய்த்து ஒரு குசினி இறக்கலாம், நாலு பாத்தி கோவா போடலாம், உயர்தரம் படிக்கிற மகளுக்கு ஒரு மேசை போடலாம். இப்போது அங்கே இருக்கும் குடும்பம் கொழும்புக்குப் போகப் போகிறது. தைப்பொங்கலுக்குள் காலி செய்துவிடுவார்கள். அதே காம்பராவில் பாக்கியம் என்ற இன்னொருத்திக்கும் கண்.

இவ்வளவுதான். ஆனால் இப்படி எழுதியதும் என்ன நடக்கிறது பாருங்கள். காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். யாருக்கு என்பது ஆபீஸில் முடிவாகும். ஆபீஸுக்குப் போகும் வழியில் தொழிற்சங்கத் தலைவர் இருக்கிறார், கணக்கப்பிள்ளை இருக்கிறார். செல்லம்மா யாரிடம் போவாள்? போகும்போது கையில் என்ன கொண்டு போவாள்? பாக்கியத்தின் முகத்தைப் பீலிக்கரையில் எப்படிப் பார்ப்பாள்? சின்ன ஆசை ஒன்று முழுத் தோட்டத்தையும் இழுத்துக்கொண்டு வருகிறது. "உரிமை" என்று தொடங்கியிருந்தால் நான் இன்னும் பிரசங்கம் எழுதிக்கொண்டிருப்பேன்.

முக்கியமான எல்லா ஆட்களுக்கும் இப்படி ஒரு வரி எழுதுங்கள். இரண்டு பேருடைய ஆசை ஒரே பொருளில் மோதும்படி பார்த்துக்கொண்டால் கதைப்பின்னல் பாதி தானாகவே வந்துவிடும்.

படி 2: சம்பளச் சீட்டை எழுதுங்கள்

பிடித்த நிறம், பிடித்த சாப்பாடு, ராசி என்று நிரப்புகிற பாத்திர அட்டவணைகளை நானும் நிரப்பிப் பார்த்திருக்கிறேன். செல்லம்மாவுக்குப் பிடித்த நிறம் மஞ்சள் என்று எழுதி வைத்தேன். நாவலில் ஒரு இடத்திலும் அது உதவவில்லை. உதவியது சம்பளச் சீட்டு.

கதை நடக்கும் மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள், ஏனென்றால் காசு வருஷத்தோடு மாறும். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது, 2024 செப்டெம்பரில் 1,350. என் கதை 2024 கடைசியில் தொடங்குகிறது. செல்லம்மா அந்த மாதம் 22 பேர், அதாவது 22 நாள் வேலை, போட்டிருக்கிறாள். 29,700 ரூபாய். அதில் சேமலாப நிதிக்கு 8 வீதம், 2,376 போகிறது. தீபாவளி அட்வான்ஸில் 2,000 பிடிக்கிறார்கள். சங்கச் சந்தாவும் கோயில் காசும் 400. கையில் 24,924. கடைக் கடன் 15,000. சீட்டு 3,000. மகளின் டியூஷனுக்கும் பஸ்ஸுக்கும் 4,000. மிச்சம் 2,924 ரூபாய்.

இதில் அட்வான்ஸ், கடைக் கடன், சீட்டு எல்லாம் நான் என் ஆளுக்காகப் போட்டுக்கொண்ட தொகைகள். உங்கள் ஆளுக்கு வேறாக இருக்கும். தோட்டத்துக்குத் தோட்டம் கிலோக் கணக்கும் மாறுகிறது. குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர் போடுவது உண்டு, மேலதிகக் கிலோவுக்குத் தனிக் காசும் உண்டு. நீங்கள் எழுதும் தோட்டத்தில் என்ன வழக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாசிப்பவர்களில் பாதிப் பேர் இந்தக் கணக்கோடு வாழ்கிறவர்கள். பிழை விட்டால் அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் கண்ணீரையும் நம்பமாட்டார்கள்.

இப்போது உண்மையான வேலை. அந்த 2,924 ரூபாயை அவள் என்ன செய்வாள்? புருஷனிடம் எவ்வளவு என்று சொல்வாள்? செல்லம்மா 2,400 என்று சொல்கிறாள். மிச்ச 500 பழைய பால்மா டின்னுக்குள் போகிறது. டின் இருக்கும் இடம் மகளுக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும் என்பது செல்லம்மாவுக்கும் தெரியும், இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. இதை எழுதிய அன்றுதான் எனக்கு அவள் முகம் முதன்முதலாகத் தெரிந்தது. 24 ரூபாய் எங்கே என்று கேட்காதீர்கள், அது வெற்றிலைக்கு.

படி 3: பிறந்த வருஷத்தைச் சரித்திரத்தின் மேல் வையுங்கள்

ஒவ்வொரு ஆளுக்கும் பிறந்த வருஷம் ஒன்றைக் கொடுத்து, நாட்டில் நடந்தவற்றுக்கு நேரே அவர்களின் வயதை எழுதுங்கள். செல்லம்மாவின் மாமியார் 1951இல் பிறந்தவர். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு பிறந்ததால் பிறக்கும்போதே நாடில்லாதவர். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று பிரித்தபோது அவருக்கு 13 வயது. தோட்டங்களில் பசி தலைவிரித்தாடிய 1974இல் 23 வயது, கையில் பிள்ளை. அவருடைய அண்ணன் குடும்பம் இந்தியாவில் நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் போய், அங்கேயும் தேயிலையிலேயே நின்றது.

இதெல்லாம் கொப்பியில் இருக்கட்டும். நாவலுக்குள் இப்படியே கொண்டு போகாதீர்கள். "1964ஆம் ஆண்டு செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தத்தின்படி..." என்று கிழவி பேரனுக்குப் பாடம் எடுக்கும் அத்தியாயம் என்னிடமும் இருந்தது. ஒன்பது பக்கம். கிழித்துப் போட்டேன். இப்போது இருப்பது இவ்வளவுதான்: வீட்டில் மாவு அரைப் பை இருக்கும்போதே மாமியார் அடுத்த பைக்குக் கடைக்கு ஆள் அனுப்புவார். செல்லம்மாவுக்கு அது எரிச்சல். கடைக் கொப்பியில் கடன் ஏறுகிறதே என்று முணுமுணுப்பாள். கிழவி ஏன் அப்படிச் செய்கிறார் என்று நாவல் எங்கேயும் சொல்லாது. தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு அவர் ஒரு பிடிவாதக்காரக் கிழவி, அதுவும் போதும்.

பெயர்களையும் இந்த இடத்திலேயே வையுங்கள். 1950களில் பிறந்தவர் கருப்பாயி, ராமாயி, பெருமாள். 2007இல் பிறந்த பிள்ளை நிரோஷாவாகவோ டிலக்ஷனாகவோ இருக்கும். வீட்டில் ஒரு பெயரும் பிறப்புச் சான்றிதழில் வேறொரு பெயரும் இருப்பது இங்கே புதினமே இல்லை. யாரோ ஒருவர் காதில் விழுந்தபடி எழுதியதைச் சுமந்துகொண்டு அடையாள அட்டைக்கும் பென்ஷனுக்கும் அலைகிறவர்களை எல்லோருக்கும் தெரியும். உங்கள் ஆளுக்கு இப்படி இரண்டு பெயர் இருந்தால், எந்தப் பெயரால் யார் கூப்பிடுகிறார்கள் என்பதே ஒரு உறவு வரைபடம்.

படி 4: வாய்

இந்தப் படியில் அதிக நாள் இருங்கள். ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பது பேச்சில் தெரிந்துவிடும்.

முதலில் ஒரு பயிற்சி. உங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே ஆளிடம் ஆயிரம் ரூபாய் கடன் கேட்கட்டும். செல்லம்மா எப்படிக் கேட்பாள்? "மதினி, ஒரு ஆயிரம் ரூவா கெடைக்குமா?" என்றா? மாட்டாள். "என்ன மதினி, இன்னும் அடுப்பு பத்த வைக்கலியா" என்று தொடங்குவாள். மழையைப் பற்றிப் பேசுவாள். மகளுக்கு வகுப்பில் ஏதோ புத்தகம் வாங்கச் சொல்லியிருக்கிறார்கள் என்பாள். எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி, "பத்தாந்தேதி சம்பளத்துக்குக் குடுத்துருவேன்" என்று முடிப்பாள். கேட்கவே இல்லை, ஆனால் கேட்டாகிவிட்டது.

கொழும்பில் கடையில் நிற்கும் மகன்: "மச்சான், ஒரு ஆயிரம் தள்ளு, சனிக்கெழம போட்டுவிடுறேன்."

ஒரு காலத்தில் கங்காணியாக இருந்த மாமனார் வாயே திறக்கமாட்டார். மடியைத் தடவிக்கொண்டு, "வெத்தலைக்குக் கூடச் சில்லற இல்லாமப் போச்சு" என்று சுவரிடம் சொல்லுவார். யாராவது கொடுத்தால், தருவது தன் கடமை போல வாங்கிக்கொள்வார்.

மூன்று பேரின் வரிகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். பொருந்தினால் அவர்கள் இன்னும் மூன்று பேர் ஆகவில்லை.

அடுத்தது விளிப்பு. ஒரே செல்லம்மா நாளொன்றில் எத்தனை பேராக மாறுகிறாள் என்று கவனியுங்கள். பாக்கியத்துக்கு அவள் "மதினி". கணக்கப்பிள்ளைக்கு முன்னால் "ஐயா" வந்துவிடும், முந்தானை இடுப்புக்குப் போய்விடும். தொரையிடம் பேசவே மாட்டாள், பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வது போலச் சொல்லுவாள். டவுனில் சிங்களக் கடைக்காரரிடம் "மாத்தயா" என்று தொடங்கி, எண்ணையும் விலையையும் சிங்களத்தில் சமாளித்து, பேரம் சூடானதும் தன்னை அறியாமல் தமிழுக்கு வந்துவிடுவாள். ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் அவளுக்காக மகள் சிங்களத்தில் பேசுகிறாள். அந்தப் பத்து நிமிஷத்துக்கு வீட்டில் யார் பெரியவர் என்பது தலைகீழாகிவிடுகிறது. டொக்டர் கேட்பதை மகள் முழுவதும் சொல்கிறாளா, ஏதாவது மறைக்கிறாளா என்று செல்லம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். இந்தக் காட்சியை எழுத எனக்கு எந்தக் கற்பனையும் தேவைப்படவில்லை. பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்து காதைத் திறந்து வைத்திருந்தால் போதும்.

பேச்சு வழக்கை எவ்வளவு எழுதுவது என்ற சண்டை எப்போதும் உண்டு. என் முடிவு: கதை சொல்லும் வரிகள் எழுத்துத் தமிழில், மேற்கோளுக்குள் வாய்மொழி. பெரட்டு, காம்பரா, கவ்வாத்து, கொந்தரப்பு, கோச்சி, பீலி போன்ற சொற்களுக்கு அடிக்குறிப்பு போடமாட்டேன். காட்சி சரியாக இருந்தால் மட்டக்களப்பு வாசகருக்கும் மதுரை வாசகருக்கும் புரியும். எந்தச் சொல்லை எப்படி எழுதுகிறேன் என்று ஒரு பட்டியல் மட்டும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். "ரூவா" என்று எழுதினால் கடைசி வரை "ரூவா". பாதியில் "ரூபா" ஆனால் ஆள் மாறிவிட்டது போலத் தெரியும்.

படி 5: வேலையில் வைத்துக் காட்டுங்கள்

உட்கார்ந்து யோசிக்கும் ஆளை எழுதுவது சுலபம், வாசிப்பது கஷ்டம். கை வேலையில் இருக்கும்போது ஆளைப் பிடியுங்கள். கொழுந்து நிறுக்கும் காட்சியை நான் முதலில் இப்படி எழுதியிருந்தேன்:

"தராசில் அநியாயமாக இரண்டு கிலோவைக் கழித்தான் கணக்கப்பிள்ளை. செல்லம்மாவின் கண்களில் நீர் திரண்டது. ஏழைகளின் வியர்வைக்கு இதுதானா விலை என்று அவள் உள்ளம் குமுறியது."

அத்தைக்கு இந்த இடத்தில்தான் ரொட்டி நினைவு வந்திருக்க வேண்டும். இப்போது இருப்பது இது:

"பதினெட்டு," என்றார் கணக்கப்பிள்ளை. பேனை நிற்கவில்லை. "தண்ணிக்கு ரெண்டு."

படங்கு காய்ந்து மொடமொடவென்று இருந்தது. மூன்று நாளாக மழை இல்லை.

"என்னங்கய்யா, எந்தத் தண்ணிக்கு?" பின்னால் நின்ற பாக்கியம் கேட்டாள்.

செல்லம்மா திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு காலில் ஏறிய அட்டையைக் குனிந்து பிடுங்கி, வேண்டிய நேரத்துக்கும் மேலாகக் குனிந்தபடியே இருந்தாள். அன்று சாயங்காலம் கோடிக் காம்பராவைப் பற்றிப் பேச அவள் கணக்கப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

இரண்டு கிலோ போனதும் தெரிகிறது, அநியாயமும் தெரிகிறது. ஆனால் இப்போது செல்லம்மா அந்த அநியாயத்துக்கு ஒரு விலை பேசிக்கொண்டிருக்கிறாள். அவளுக்காகப் பேசியவளையே முறைக்கிறாள். வாசகருக்கு அவள்மேல் கொஞ்சம் கோபம் வரும். வரட்டும். கோபம் வந்த ஆளை மறக்கமாட்டார்கள்.

படி 6: கெட்டவர் ஒரு தடவையாவது சரியாக இருக்கட்டும்

நம் கதைகளில் தொரை சுருட்டுப் பிடிப்பார், கங்காணி பல்லைக் கடிப்பார், தலைவர் வெள்ளைச் சட்டையில் வந்து ஏமாற்றுவார். இவர்கள் மூவரையும் நாடகத்திலிருந்து கடன் வாங்கியிருக்கிறோம். கணக்கப்பிள்ளை ஏன் கழிக்கிறார் என்று விசாரித்துப் பாருங்கள். மலையில் நிறுத்ததும் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், நிறுப்பதும் ஒத்துப்போக வேண்டும். குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். போகும் வழியிலேயே கொழுந்து வாடி எடை இறங்கும். அந்தப் பயத்தில் முன்கூட்டியே கழித்து வைக்கிறார். இது அவரை நல்லவராக்காது. கழித்ததில் கொஞ்சம் அவர் பேருக்கு நல்ல பெயராகவும் திரும்பி வருகிறது. ஆனால் இப்போது அவருக்கும் இரவில் தூக்கம் வராத ஒரு காரணம் இருக்கிறது, அது எனக்குப் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலையகம் என்றால் லயம் மட்டும் இல்லை. டவுனில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பம், மரக்கறித் தோட்டம் செய்பவர், நாட்டுப்புறத்திலிருந்து நடந்து வந்து தோட்டத்தில் பேர் போடும் சிங்களப் பெண், பள்ளிக்கூட வாத்தியார் எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள். சிங்கள ஆள் 1983 கலவரத்தில் மட்டும் நாவலுக்குள் வந்து போனால் அது ஆள் இல்லை, தேதி.

படி 7: வரைவு ஓடும்போது

சுருக்கமாகச் சொல்கிறேன். எட்டாவது அத்தியாயத்தில் ஆள் மாறிவிட்டால் முதலாவதுக்குத் திரும்பி ஓடாதீர்கள். கொப்பியில் "செல்லம்மா இனிமேல் பொய் சொல்லுவாள், முன்னால் போய்ச் சேர்க்க வேண்டும்" என்று குறித்துவிட்டு, ஆரம்பத்திலிருந்தே அப்படி இருந்தவள் போல மேலே எழுதுங்கள். நான் முதல் மூன்று அத்தியாயங்களை ஏழு தடவை திருத்தி ஒரு வருஷத்தைத் தொலைத்தவன்.

தெரிந்த ஆளை அப்படியே தூக்கி வைக்காதீர்கள். லயத்தில் சுவருக்குக் காது உண்டு என்பது பழமொழி இல்லை, கட்டட அமைப்பு. பெயரை மாற்றினால் போதும் என்று நினைத்து ஒரு பக்கத்து வீட்டுக்காரியின் கோழிச் சண்டையை ஒரு சிறுகதையில் எழுதினேன். கோழியின் நிறத்தைக்கூட மாற்றவில்லை. அவர் என்னோடு ஒரு வருஷம் பேசவில்லை, நியாயம்தான். இப்போது ஒருவரின் நடையை எடுத்தால் இன்னொருவரின் வாயைக் கொடுக்கிறேன், மூன்றாமவரின் கடனைச் சுமத்துகிறேன்.

படி 8: பெயரை மூடிப் பாருங்கள், பிறகு கொடுங்கள்

ஒரு அத்தியாயம் முடிந்ததும் "என்றாள் செல்லம்மா", "என்றாள் பாக்கியம்" எல்லாவற்றையும் அடித்துவிட்டு, சத்தம் போட்டு வாசியுங்கள். யார் பேசுவது என்று தெரியாமல் நீங்களே தடுமாறும் வரிகளைக் கோடிட்டு, படி 4க்குத் திரும்புங்கள்.

அப்புறம் அந்த வேலையைச் செய்த ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். எழுத்தாள நண்பர் "உருவகம் நன்றாக இருக்கிறது" என்பார், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. தகவல் பிழை கண்டுபிடிக்க மட்டும் கேட்காதீர்கள், "இவ இப்படிச் செய்வாளா?" என்று கேளுங்கள். பதிலை மறுத்துப் பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த முறை அத்தை ஆறு அத்தியாயம் கேட்டார். ரொட்டி சுட்டாயிற்று. கணக்கப்பிள்ளை வீட்டுக்குப் போகும் இடத்தில் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். முடிந்ததும் கேட்டார்: "கோடிக் காம்பராவுக்குப் பின்னால கான் ஓடுமே. மழைக்கு நாறிப் போகும். அது தெரியாமலா இவ ஆசப்படுறா?"

நான் அதை யோசித்திருக்கவில்லை. பதினோராம் அத்தியாயத்தில் செல்லம்மா இப்போது கானை மூடுவதற்கு ஒரு பழைய தகரம் தேடிக்கொண்டிருக்கிறாள். தகரம் பாக்கியத்தின் வீட்டில்தான் இருக்கிறது.